பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மீசையை வழித்துக்கொள்கிறேன். மீசை இல்லையே என்று பார்க்காதீர்கள். அது போன கதைக்குப் போனது.

குழந்தை டாக்டரின் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. அதனால் அடுத்த அறையில் இருக்கும் மருந்துக்கடைக்காரருக்கு, அவர் விரும்பாமலே, எல்லாம் காதில் விழும். விரும்பாமல் என்பது அவர் சொல்வது.

அன்று உள்ளே இருந்தவர் ஃபைல்காரர். தெருவின் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் தலைவர். அவருடைய ஆறு வயதுப் பெண்ணுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, ஓயாத சிடுசிடுப்பு. அப்பா செல்போனைக் குடைந்து குடைந்து பதினோரு அபூர்வ நோய்களைக் கண்டுபிடித்து, நோய்க்கு ஒரு நிறமாகத் தாள் ஒட்டி, தடியாக ஒரு ஃபைல் கொண்டுவந்திருந்தார்.

"திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து கொடுத்து டெஸ்ட் எடுக்கப்போறோம் டாக்டர். நாள் குறிச்சாச்சு. நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

டாக்டர் ஃபைலைத் தொடவில்லை. குழந்தையைப் பரிசோதித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"படுத்ததும் பின்பக்கம் சொறியறாளாம்மா?"

"ஆமா டாக்டர். விடியிற வரைக்கும்."

"பூச்சிம்மா. நூல் மாதிரி வெள்ளையா இருக்கும். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்குச் சளி மாதிரி இதுவும் சகஜம். வீட்ல மூணு பேருமே மாத்திரை போட்டுக்கணும். டெஸ்டெல்லாம் வேணாம்."

"பூச்சியா? எங்க வீட்லயா?" ஃபைல்காரர் எழுந்தேவிட்டார். "எங்க வீட்டுத் தரையிலேயே சோத்தைக் கொட்டிச் சாப்பிடலாம், தெரியுமா?"

"அப்படித்தான் பாப்பா சாப்பிட்டிருப்பா."

"ஊர்ல கண்ட பிள்ளைங்களுக்கு வர்றது எம் பொண்ணுக்கு எதுக்கு வரணும்?"

"அவளும் பிள்ளைங்கறதாலதான்."

மருந்துச் சீட்டு மேஜையிலேயே கிடக்க, ஃபைல் மட்டும் பத்திரமாக வெளியே போனது.

'பெத்த பிள்ளைக்கு வர்ற நோய்கூட விசிட்டிங் கார்டுல போட்டுக்கற மாதிரி இருக்கணும் இந்த மனுஷனுக்கு' என்று மருந்துக்கடைக்காரர் உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டார். ஒரு சின்ன மாத்திரையில் போகிற தொல்லைக்கு, திங்கட்கிழமை அந்தக் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கப் போகிறார்கள்.

பத்து நிமிஷத்தில் அம்மா மட்டும் திரும்பி வந்தாள். குடையை மறந்துவிட்டாளாம்.

"அண்ணே, பூச்சி மாத்திரை வேணும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு."

"பக்கத்து வீட்ல மொத்தம் எத்தனை பேரும்மா?"

"மூணு. அதுல ஒருத்தர் கேட்டா போட்டுக்க மாட்டார். பொடிச்சுச் சாப்பாட்டுல கலந்துடலாமாண்ணே?"

"தாராளமா. இன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. பக்கத்து வீட்ல எல்லாரும் நகத்தை ஒட்ட வெட்டணும், படுக்கை விரிப்பை வெந்நீர்ல துவைக்கணும்."

"சொல்லிடறேண்ணே."

மூன்றாம் நாள், கடைக் கூட்டம் கலையும்வரை எதிர்ச்சாரியில் நின்றிருந்த ஒருவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் நுழைந்தார்.

"பூச்சி மாத்திரை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு."

குரல் ஃபைல்காரருடையது. அலமாரிவரை போன கையை மருந்துக்கடைக்காரர் இழுத்துக்கொண்டார். ஒரே குழந்தைக்கு அம்மா ஒரு தடவை, அப்பா ஒரு தடவையா?

"உங்க பக்கத்து வீட்டுக்கு முந்தாநாளே வாங்கிட்டுப் போயாச்சே சார்."

"யாரு வாங்கினது?"

"உங்க பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மா."

ஹெல்மெட் கணக்குப் போட்டுப் பார்த்தது.

"அந்தம்மா புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவர் நிறையப் படிச்சவராம் சார். சொன்னா ஏறாதாம். பாப்பா இப்பத் தூங்கறாளா?"

"சொறியறது இன்னும் முழுசா நிக்கல. ஆனா நேத்து நல்லாத் தூங்கினா," என்றது ஹெல்மெட். பிறகு திருத்திக்கொண்டது. "தூங்கினாளாம்."

'சரி, வெட்கப்பட்டாலும் பிள்ளைக்காக வந்தாரே' என்று மருந்துக்கடைக்காரருக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அன்று சாயங்காலம்வரை இருந்தது.

சாயங்காலம் குரூப்பில் தலைவரின் அறிவிப்பு:

'அன்பான பெற்றோரே, பதினோரு அபூர்வ நோய்களின் பிடியிலிருந்து என் மகள் மீண்டுவிட்டாள். திங்கட்கிழமை டெஸ்டை ரத்து செய்துவிட்டோம். ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்து வீட்டில் பூச்சித் தொல்லை இருக்கிறது. மனிதாபிமானத்தோடு மாத்திரைக்கு நானே ஏற்பாடு செய்துவிட்டேன். இருந்தாலும் உங்கள் பிள்ளைகளை அந்த வாசல் பக்கம் விடாதீர்கள்.'

கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். இவரல்லவோ மனிதர் என்று ஒரே பாராட்டு.

மறுநாள் பகலுக்குள் கடையிலிருந்த பூச்சி மாத்திரை அத்தனையும் காலி. கும்பிட்ட கைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வாங்கிக்கொண்டு போயின. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான், பாவம்."

அந்த வீட்டில் எழுபத்திரண்டு வயதுக் கிழவன் ஒருவனைத் தவிர ஈ எறும்பு கிடையாது. இப்போதெல்லாம் உள்ளே விழுந்த பந்தை எடுக்கக்கூடத் தெருவில் ஒரு பிள்ளையும் வருவதில்லை.

இதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். எங்கேயாவது வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.