ஆரஞ்சா, வெள்ளையா?

அக்கா வீசிய டிஸ்க், அந்தத் தட்டையான பிளாஸ்டிக் தட்டு, வலப்பக்கம் சாய்ந்து, ஒரு புதருக்குப் பின்னால் போய் விழுந்தது. நேர் எதிரே கம்பத்தில் கூடை நிற்கிறது, டிஸ்க்கைத் தடுத்து உள்ளே விழவைக்கும் அதன் சங்கிலியெல்லாம் வெயிலில் மின்னுகிறது!

அக்காவுக்கா கை தவறிவிட்டது? தங்கையால் நம்பவே முடியவில்லை. டிஸ்க் கோல்ஃப் மைதானத்தில் அக்கா கோட்டை விட்டு அவள் பார்த்ததே இல்லை. அதுவும் இருவரும் சமமாக வந்து நிற்கிற கடைசிக் கூடையில்! இதில் யார் குறைந்த வீச்சில் டிஸ்க்கைக் கூடைக்குள் போடுகிறாரோ, அவருக்குத்தான் அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம்.

அந்த இடம் தங்கைக்கு வேண்டும். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அவளைச் 'சாம்பியனோட தங்கச்சி' என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். மாமியார்கூட அப்படித்தான். இன்றும் தோற்றால் இந்த ஆட்டத்தையே தலைமுழுகிவிடுவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். சொன்னபோது அழுதும்விட்டாள்.

இப்போது டிஸ்க்கைக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் போதும். அடுத்த வீச்சில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போட்டுவிடலாம்.

புல்லில் மண்டியிட்டுப் பையைத் திறந்தாள். நீல டிஸ்க் வேகக்காரன், கூடையைத் தாண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிடும். வெள்ளை பரம சாது, போட்ட இடத்தில் கிடக்கும். ஆனால் எதிர்க்காற்று அடித்தால் அது போன திசையே தெரியாது. தடித்த விளிம்புள்ள ஆரஞ்சு காற்றுக்கு மசியாது, கடைசியில் மட்டும் இடப்பக்கம் ஒடிந்து தொலைக்கும்.

வெள்ளையை எடுத்தாள். வைத்தாள். ஆரஞ்சை எடுத்தாள். மறுபடி வெள்ளை.

"இன்னுமா?" என்றான் பையைச் சுமந்து வந்த கணவன். "காலையில நான் வண்டியை நிறுத்திட்டு வர்றேன், அத்தனை பேரும் கூடி நின்னு மைதானத்துக்காரர் சொல்றதைக் கேட்டுக்கிட்டிருக்காங்க, நீ மட்டும் பையைக் குடைஞ்சிட்டிருக்கே. துணி எடுக்கப் போனாலும் இதே கதைதான்."

"காத்து எதிர்ல அடிக்குதுங்க. வெள்ளை வேண்டாம்ல?"

"எனக்கு எல்லாமே தட்டுதான். சோறு போட்டாச் சாப்பிடுவேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. தப்பான டிஸ்க்கை எடுத்துத் தப்பான டிஸ்க்கை எடுத்தே இத்தனை வருஷமும் போய்விட்டது. இன்றைக்கும் அப்படி ஆனால் நாளைக்குக் கடையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

அதற்குள் அக்கா வேகமாக அவள் பக்கத்தில் வந்தாள். "ஏய், ஒரு நிமிஷம். நீ எங்க..."

"பேசாதேக்கா!"

"இல்லடி, அங்க கொஞ்சம் பாரு..."

"நீ வீசிட்டேல்ல? தள்ளி நில்லு! சின்ன வயசுலேர்ந்து உனக்கு இதே வேலை. நான் ஒண்ணை முடிவு பண்ணினா, உடனே வந்து மனசைக் கலைச்சு விட்டுடுவே. நான் வீசி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறந்தா, சத்தியமா சொல்றேன், எனக்கு அக்காவே கிடையாது!"

அக்காவின் முகம் செத்துப்போனது. அவள் தங்கை கணவனைப் பார்த்தாள். இவர்களுக்கு நடுவில் புகுந்து வாங்கிக் கட்டிக்கொள்ள அவன் தயாராக இல்லை, பை வாரைச் சரிசெய்துகொண்டு நின்றான். அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பயப்படுகிறாள், நன்றாகப் பயப்படட்டும் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலேயே பைக்குள் கையை விட்டாள்.

ஆரஞ்சுதான்.

கூடைக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறி வைத்து, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி வீசினாள். டிஸ்க் தாழ்வாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கடைசியில் அவள் நினைத்தபடியே இடப்பக்கம் ஒடிந்து, கூடையின் காலடியில் பொத்தென்று விழுந்தது. அங்கிருந்து ஓர் அங்குலம்கூட உருளவில்லை.

"ஐயோ!" என்று கத்திவிட்டாள். வாழ்க்கையில் இவ்வளவு சரியாக அவள் எதையும் செய்ததில்லை. ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

"பாத்தியாக்கா? சரியான டிஸ்க்கை எடுத்தேனா, இல்லையா? சொல்லு, இப்பவாவது உன் வாயால சொல்லு!"

அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்களிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"சரியான டிஸ்க்தான்டி... ஆனா இது வேற கூடை. காலையில சொன்னாங்கல்ல, இன்னைக்கு நம்ம கூடை அந்தப் புதருக்குப் பின்னாடி இருக்கு."