வேறு கை

ஐம்பது டிகிரி வெயிலில் பூங்கா நிழலில் உட்கார வேண்டுமானால், வீட்டில் ஒருவர் வாரம் பத்து மணி நேரம் அங்கே தன்னார்வலராகக் களை பிடுங்க வேண்டும். களையில் வேறு ஆளின் கை பட்டால் அந்த வார உழைப்பு முழுதும் செல்லாது; தன்னார்வலர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை சிவந்துவிடும்.

தமயந்திக்கு இன்னும் பத்தே நிமிடம் பாக்கி. நல்ல செடியைப் பிடுங்கிவிடுவோமோ என்று ஒவ்வொரு இலையையும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். இதய நோயாளியான அப்பா நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விதி அவருக்கும் தெரியும். ஆனாலும் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து குனிந்தார்.

"அப்பா, தொடாதீங்க!"

"ஒரு பார்த்தீனியத்துக்கா இந்தக் கத்து கத்துறே? நீ இலைக்கு ஜாதகம் பாக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

சிரித்துக்கொண்டே இழுத்தார்; செடி அவர் கையோடு வந்தது. தமயந்தியின் பட்டை சிவந்தது. நாளையிலிருந்து ஒரு வாரம் அவர் வீட்டின் தகரக் கூரைக்குக் கீழேதான் கிடக்க வேண்டும். அந்தச் சூட்டை அவர் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. மெல்ல மண்டியிட்டு, களையை அதே குழியில் நிறுத்தி, சுற்றிலும் மண்ணை அணைத்தார்.

"வேர் பிடிச்சுக்கும்மா. கொஞ்சம் தண்ணி விடு."

பட்டையைப் பார்க்காமல் தமயந்தி பாட்டிலைத் திறந்தாள்.