சரிபார்த்தவர்

"நிப்பிள் இல்லாம குட்டி என்னிக்குத் தூங்குதோ, அன்னிக்கு நீ தாராளமா வேலைக்குப் போ. நானா வேணாங்கிறேன்?"

இதைச் சொன்னபோது அரைமில்லியின் முகத்தில் பெருந்தன்மை வழிந்தது. பட்டறையில் கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து பார்ப்பது அவன் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஓரமாகத் தள்ளிவிடுவான். அதனால் வந்த பட்டப்பெயர்.

மனைவி கட்டிலைப் பார்த்தாள். ஒன்றேகால் வயதுக் குட்டி தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தது. ரப்பர் நிப்பிள் தலைமாட்டில் கிடந்தது.

பிரசவத்துக்கு முன்பு அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடம் அடுத்த தெருவில்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பதாம் தேதிக்குள் சேராவிட்டால் வேறு ஆள்.

"அப்ப நீங்களே ஒரு வழி பண்ணுங்க. நான் வெடுக்குனு பிடுங்கி அது வீறிட்டு அழுதா என்ன பண்றது? அளந்து செய்யுற வேலையெல்லாம் எனக்கு எங்க வருது?"

சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் அளந்து எடுத்தவள் இப்படிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

அரை மணி நேரத்தில் அட்டவணை சுவரேறியது. முதல் நாள் பதினெட்டு நிமிடம் நிப்பிள். தினம் இரண்டிரண்டாகக் குறைந்து பத்தாம் நாள் சுழியம். பட்டறைப் பழக்கத்தில் ஓரமாக இரண்டு கட்டங்கள்: செய்தவர், சரிபார்த்தவர்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "இன்னிக்கு இருபத்திரண்டு. பத்தாம் நாள் அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வருதேங்க. முப்பதோட கெடு முடியுது. ஒரே ஒரு நாள் குறைச்சா என்ன?"

"குறைக்கிறதா? பிஞ்சு மனசு என்ன ஆகும்! அவசரப்பட்டா ஏங்கிப் போயிடும்."

பிஞ்சு மனசின் மேல் அவனுக்கிருந்த அக்கறைக்கு அப்போது வயது அரை மணி நேரம். அதுவரை குட்டி தூங்கும் வேளையில் அவன் கூடத்தில் உலகச் செய்திகளைக் கவனித்துக்கொண்டிருப்பான்.

"இன்னொண்ணு. நீ பக்கத்துல இருந்தா அது அழுது சாதிச்சுக்கும், கணக்கு கெட்டுடும். குட்டி தூங்குற வரைக்கும் நீ வீட்டுலயே இருக்கக் கூடாது."

"அஞ்சே முக்காலுக்குப் போய் ஒன்பதேகாலுக்கு வரட்டுமாங்க?"

"பாரு, இப்படித்தான் துல்லியமாப் பேசணும்!"

எங்கே போவாய் என்று அவன் கேட்கவில்லை. மேல்மாடி அக்கா வீடு இருக்கவே இருக்கிறது. அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

முதல் நாள் ஏழரை மணிக்கு, கையில் கடிகாரத்தோடு, குட்டியின் வாயில் நிப்பிளை வைத்தான். த்தூ. துப்பிவிட்டது. பதினைந்து விநாடிதான் ஆகியிருந்தது.

"தப்பு தங்கம். இன்னும் பதினேழே முக்கால் நிமிஷம் பாக்கி இருக்கு."

எடுத்தான், கழுவினான், வைத்தான். த்தூ. பதினெட்டு நிமிடத்தில் முப்பத்தோரு முறை. அட்டவணை என்றால் அட்டவணைதான்! பிறகு தோளில் போட்டுத் தட்டினான். தாலாட்டு தெரியாததால் வாய்ப்பாடு சொன்னான். பதினாறாம் வாய்ப்பாட்டில் குட்டி தூங்கியது. பதினேழில் அவனும்.

மறுநாள் காலை 'செய்தவர்' கட்டத்தில் கம்பீரமாகக் கையெழுத்திட்டான். "நீயும் போடு."

"கடைசியில மொத்தமாப் போட்டுடுறேங்க."

ஐந்தாம் நாள் பட்டறையில் சொற்பொழிவே ஆற்றினான். "பாதி நிப்பிளை ஒழிச்சாச்சு! எல்லாம் முறையில இருக்கு." ஏழாம் நாள் மனைவியின் கையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

"என்ன இது?"

"கை சுத்தம் பண்ணினேங்க."

"நல்ல பழக்கம். குழந்தை இருக்கிற வீடு."

பத்தாம் நாள். நிப்பிள் சுழியம். பதிமூன்றாம் வாய்ப்பாட்டிலேயே குட்டி சாய்ந்துவிட்டது. அன்று மட்டும் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்பதேகால் வரை விழித்திருந்தான்.

"ஜெயிச்சாச்சு! பத்து நாளும் நான் ஒருத்தனே தூங்க வெச்சிருக்கேன், பாரு. சொன்ன சொல் மாற மாட்டேன். நாளைக்கே நீ வேலைக்குப் போகலாம்..." சட்டென்று துக்கம் விசாரிக்கும் குரலுக்கு மாறினான். "அடடா, கெடு நேத்தோட முடிஞ்சுதுல்ல? பாவம், உனக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்."

அவள் பேனாவை எடுத்து, காலியாக இருந்த 'சரிபார்த்தவர்' கட்டங்கள் பத்திலும் வரிசையாகக் கையெழுத்திட்டாள்.

"குட்டி நிப்பிளை விட்டு ஒரு மாசம் ஆச்சுங்க. அதைச் சொல்லியிருந்தா வேற ஒண்ணுக்கு அட்டவணை போட்டிருப்பீங்க."

"அப்ப... இந்தப் பத்து நாளா நான் என்னத்தைப் பழக்கினேன்?"

அவள் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அவனுடைய அட்டவணைக்குப் பக்கத்தில் அரை மில்லிகூடப் பிசகாமல் ஒட்டினாள். பரிசோதனைக் கூடத்தின் வருகை அட்டை அது: இருபத்திரண்டாம் தேதி முதல் இன்று வரை, ஆறு மணிக்கு உள்ளே, ஒன்பது மணிக்கு வெளியே, ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.