கதிர் பட்ட எலிகள்

டாக்டர் இராஜாங்கத்தின் கழுத்தில் கிடந்த ரோஜா மாலையைக் கண்ணாத்தாள் பிடுங்கி எறிந்ததும், நீடாமங்கலம் மன்றமே எழுந்து நின்றுவிட்டது.

பாராட்டு விழாவை ஏற்பாடு செய்திருந்த செயலாளர் பஞ்சநதத்துக்கு ரத்தம் கொதித்தது. அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? உன் புருஷன் தங்கையனுக்குத் தன்னோட ஆஸ்பத்திரியில வேலை போட்டுக் குடுத்தது யாரு? அவனுக்கு ரத்தப் புத்துநோய்னு தெரிஞ்சதும் சும்மாவே வைத்தியம் பாக்குறது யாரு?"

"குத்தகைச் சட்டம் வந்தப்ப, நாங்க உழுத நெலத்துல குத்தகைக்காரன்னு பேரைப் பதியாதேன்னு, நெலத்துக்காரரான டாக்டரோட அப்பாதான் சொன்னாரு. நெலத்தை விட்டோம். அதுக்குத்தான் அந்த வேலை."

"இருக்கட்டும். அதுக்கு மாலையைப் பிடுங்குவியா?"

"அதுக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது, டாக்டரைக் கூட்டிப் போவலாம்னுதான் வந்தேன். வாசல்ல நின்னு பேச்சைக் கேட்டேன். என்ன பேசுனாருன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

"சீமையில பண்ணுன ஆராய்ச்சி. உடம்பு பூரா எக்ஸ்ரே கதிர் பட்ட எலிங்களுக்கு ரத்தப் புத்துநோய் வந்துச்சு. சில எலிங்களுக்கு ஒரு காலை மட்டும் கதிர் புகாத ஈயத் தகட்டால மூடி வச்சாரு, அந்த எலிங்க பெரும்பாலும் தப்பிச்சுது. எவ்வளவு பெரிய விஷயம்! உனக்கு எங்க புரியப் போவுது?"

"புரிஞ்சுதாண்ணே மேடையேறுனேன். எக்ஸ்ரே ரூம்ல அழுவுற புள்ளைங்களை, நிக்க முடியாத கிழடுகளை அசையாமப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதுதான் எங்க வீட்டுக்காரரு வேலை. விடிஞ்சதும் போனா பொழுது சாயுற வரைக்கும். மேல போட்டிருந்தது வெறும் காக்கிச் சட்டைண்ணே!"

பஞ்சநதம் அவள் கையை விட்டார்.

உள்ளே டாக்டர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார்: "பாவம், விவரம் தெரியாதவங்க. அந்தம்மா மேல யாரும் கோபப்படாதீங்க."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பஞ்சநதம் விறுவிறுவென்று மேடையேறி அவர் காதருகே குனிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"எலிக்கு ஈயத் தகடு வச்சீங்களே டாக்டர், தங்கையனுக்கு ஏன் வைக்கல?"

டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

"எதுக்கு இந்தத் தகடுன்னு எலி கேக்காது பஞ்சநதம். தங்கையன் கேப்பானே! சொன்னா, அப்புறம் அந்த ரூமுக்குள்ள நிப்பானா?"