ரப்பர் வாடை

தம்பிக்காரன் வந்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரோட்டைக் கடந்து, நேரே காப்பிக்கடைக்கு. கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம். உள்ளே இருப்பது வாழைத்தண்டு இல்லை என்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஏட்டையா முதலில் எழுந்தார். அவருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். குடித்து முடிக்காத தம்ளர்கள் மட்டும் பெஞ்சில் இருந்தன.

கடைக்காரன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் எங்கே போவான்?

ஒன்பது வருடத்துக்கு முன்னால் முப்பிடாதியை வெட்டியவன் அவன். அந்த முப்பிடாதியின் தம்பிதான் இப்போது வருகிறவன்.

முப்பிடாதியும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரே ஆளிடம் வெட்டுக்குத்து வேலை பார்த்தவர்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அந்த வேலையில் அப்படித்தான்.

முப்பிடாதி சும்மா சாகவில்லை. இரும்புக் கம்பியால் கடைக்காரன் மூக்கில் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் விழுந்தான். எலும்பு ஒட்டிக்கொண்டது. வாசனை திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான்.

அப்படிப்பட்டவன் ஜெயிலிலிருந்து வந்து காப்பிக்கடை வைத்தால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் இருந்தது.

மெஷின் புத்தம் புதிது. பொருத்த வந்த ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரனின் கைத்தழும்பைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் பார்த்தது பஸ்ஸைத்தான். புது மெஷினில் வெறும் வெந்நீரைப் பல தடவை ஓட விட்டுக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பி போட வேண்டும் என்பதைச் சொல்லாமலே ஏறிவிட்டான்.

பத்து நாளாகக் காப்பி. பத்து நாளாக ரப்பர் வாடை.

"பிரமாதம் அண்ணாச்சி" என்றார்கள் குடித்தவர்கள். பூனைக்கு மணி கட்ட ஊரில் ஆள் இல்லை. வாத்தியார் இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பாவம், அவ்வளவு பயம்.

கடைக்காரனுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. புகழ்கிறவர்கள் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு செத்தவன் நாலு பேரைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டாலும் பொய்தான் வந்தது. அரிவாளை விட்டுவிட்டுப் பிழைக்க வந்த இடத்திலும் அரிவாள்தான் அவனுக்கு முன்னால் நின்றது. அதை நினைத்து அழுகை வந்த நாளும் உண்டு.

தம்பிக்காரன் பெஞ்சில் உட்கார்ந்தான். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

கடைக்காரன் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

தம்பிக்காரன் ஒரு வாய் குடித்தான்.

த்தூ.

காப்பி சிமெண்டுத் தரையில் தெறித்தது.

"என்ன வே இது? டயரைக் காச்சி ஊத்துன மாதிரி இருக்கு."

பத்து நாளில் முதல் தடவையாக ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். வெட்ட வந்தவனுக்குப் பொய் எதற்கு?

கடைக்காரன் கத்தியை எடுத்தான்.

தம்பிக்காரனின் கை பொட்டலத்துக்குள் போனது.

அவன் ஆறு எலுமிச்சம்பழத்தை நறுக்கினான். கத்தியைப் பெஞ்சில், தம்பிக்காரன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். பிறகு முதுகைக் காட்டி நின்று, சாறு முழுவதையும் மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் பிழிந்தான்.

அரிவாளில் ரத்த வாடை போக எலுமிச்சைதான் தேய்ப்பார்கள். கழுவுவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முப்பிடாதியின் அரிவாளையும் எத்தனையோ தடவை அவனே தேய்த்துக் கொடுத்திருக்கிறான்.

மெஷின் உறுமியது. கொதிநீர் கொட்டியது. வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான். பின்கழுத்து வியர்த்தது. வெட்டு எந்த இடத்தில் விழும் என்று அவனுக்குத் தெரியும். முப்பிடாதிக்கு அவனும் அங்கேதான் போட்டான்.

விழவில்லை.

காப்பி கொடுத்தான்.

த்தூ.

"இன்னும் இருக்கு."

மறுபடி எலுமிச்சை. மறுபடி வெந்நீர். எதிர்க்கடையில் ஷட்டரை இறக்கினார்கள். ஆவி அடித்து அவன் புறங்கை வெந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

மூன்றாவது தம்ளரைத் தம்பிக்காரன் துப்பவில்லை. முகத்தைச் சுளித்தான். மிச்சத்தைத் தரையில் கொட்டினான்.

மறுபடி வெந்நீர். எத்தனை தடவை என்று அவன் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் முதுகைக் காட்டித்தான் நின்றான்.

நான்காவது தம்ளர்.

தம்பிக்காரன் ஒரு வாய் குடித்தான். நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். இன்னொரு வாய். பிறகு மடமடவென்று அடிவரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்தான்.

"வாடை போயிட்டா?" என்று கேட்டான் அவன். குரல் கெஞ்சியது. உயிருக்குக்கூட அவன் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"போயிட்டு."

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பயமில்லாத ஒருவனின் வாயிலிருந்து வந்த சொல். இனி யார் என்ன சொன்னாலும் கவலையில்லை. இந்தக் கடையில் நல்ல காப்பி கிடைக்கும்.

"இன்னொண்ணு போடும்" என்றான் தம்பிக்காரன். "சீனி இல்லாம."

சீனி இல்லாமல் குடிப்பது முப்பிடாதி. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அவன் மெஷின் பக்கம் திரும்பினான். ஒரு தம்ளரை எடுத்து நன்றாகக் கழுவினான். துடைத்துக் குழாய்க்கு அடியில் வைத்தான். டிகாக்‌ஷன் சொட்டத் தொடங்கியது.

பின்னால் செய்தித்தாள் பிரியும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பவில்லை. தம்ளர் நிறையட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.