கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பந்து

குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தடிக்கும் போலோவில், அந்த மைதானத்தில் ஆடும் கோப்பையைவிடப் பெரியது கிடையாது. அந்த மைதானத்து மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டுத் துணிமேல் ஒரு மரப்பந்து இருந்தது. ‘முதல் இறுதிப் போட்டியில் ஆடிய பந்து’ என்று கீழே எழுதியிருந்தது.

இந்த வருட இறுதிப் போட்டியன்று, படம் எடுப்பதற்காக ஒரு புதுப்பந்தை அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

“ஐயா, அன்னிக்கு ஜெயிச்ச கோலுக்குள்ள போன பந்து நீங்கதானே?” என்று புதுப்பந்து கேட்டது.

“இல்லப்பா. முதல் அடியிலேயே வேலிப் புதருக்குள்ள போய் விழுந்துட்டேன். தேடிப் பார்த்துட்டு வேற பந்தை எடுத்துட்டாங்க.”

“அந்தப் பந்து எங்கே?”

“அதுதான் கோலுக்குள்ள போச்சு. கடைசி அடியில ரெண்டாப் பிளந்துடுச்சு. கூட்டி அள்ளி அடுப்புல போட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுப் புதரை வெட்டினப்ப நான் கிடைச்சேன். மேல போட்டியோட பேரு அழியாம இருந்துச்சு. கொண்டாந்து இங்க வச்சுட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“யாரும் கேக்கலையே.”

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. புதுப்பந்தை மைதானத்தில் போட்டார்கள். குதிரைகள் பாய்ந்து வந்தன. முதல் மட்டை ஓங்கியது.

வேலி எந்தப் பக்கம் என்று புதுப்பந்து பார்த்துக்கொண்டது.