மந்திரி வேடம்

தலையை வெட்ட இழுத்துப் போனபோதும் சங்கரபாண்டியன் குனியவில்லை. "குற்றமற்றவன் சாவுக்கு என் கை முத்திரை வைக்காது, மன்னா" என்றார். சிம்மாசனத்தில் இருந்த ராஜா பல்லைக் கடித்தார். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரை விழுந்ததும், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் மேடைக்குப் பின்னால் திரண்டுவிட்டது. அட்டைக் கிரீடத்தைக் கழற்றிவிட்டு ராஜாவே வந்து அவருக்குத் துண்டு போர்த்தினார். ராஜா வேறு யாருமில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் தொழிற்சாலையின் முதலாளி ஆறுமுகசாமி. வருஷா வருஷம் இந்த நாடகத்தில் மந்திரி வேடம் முதலாளிக்குத்தான். யார் கேட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்தத் தடவை மட்டும் அவராகவே கூப்பிட்டு, தன் கணக்கப்பிள்ளை சங்கரபாண்டியனுக்குக் கொடுத்திருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுடலைக்கண்ணு வந்தான். முப்பது நாளைக்கு முன்னால் அந்த ஆபீஸில் தீக்குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் கருகிச் செத்த முத்துச்செல்வியின் புருஷன். அறை வெளியே பூட்டியிருந்தது என்று ஊருக்குள் பேச்சு. பூட்டு அன்றைக்கே காணாமல் போயிருந்தது. கதவில் பூட்டு தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல, கூட வேலை பார்த்த மீனாட்சியம்மாள் ஒருத்திதான் துணிந்திருந்தாள்.

அவன் சங்கரபாண்டியனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "நாளக்கழிச்சு வெசாரணைக்கு ஆபீசர் வாராவ. நீங்க இருந்தத இருந்தபடி சொன்னாப் போதும், அண்ணாச்சி. எனக்கு வேற சாட்சியே வேண்டாம்."

சொல்லத்தான் அவரும் நினைத்திருந்தார். லோடு ஏறும்வரை ஒருத்தியும் வெளியே போகக்கூடாது என்றது முதலாளி. பூட்டைப் போட்டது சங்கரபாண்டியனின் கை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதட்டவில்லை. பூட்டச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, பூட்டியவனிடம் சாவி இருக்கிறது என்பதை மட்டும் நிதானமாக எடுத்துச் சொன்னார். சங்கரபாண்டியனின் இரண்டு மகள்களும் மூத்த மருமகனும் அதே ஆபீஸில்தான் வேலை பார்த்தார்கள். அதையும் மறக்காமல் விசாரித்தார். கடைசியில் மெதுவாகச் சிரித்தார். "ஊரே இப்ப உம்ம வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. யோசிச்சுப் பேசும்."

விசாரணை ஆபீஸ் முற்றத்தில் நடந்தது. வெயிலில் குச்சி காயப்போடும் இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். அதிகாரி கேட்டதும் சங்கரபாண்டியன் நிமிர்ந்து நின்றார். கொடையன்று மேடையில் வந்த அதே கனத்த குரல்தான் வந்தது. கதவு திறந்துதான் கிடந்ததாம். நேரமாகிவிட்டது, உள்ளே போகாதே என்று அவர் தடுத்தும் முத்துச்செல்வி கேட்கவில்லையாம். மருந்தைத் தரையில் கொட்டி, காலால் உரசித் தீயை வரவழைத்தது அவளேதானாம்.

எழுத்தர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். முதலாளி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

சுடலைக்கண்ணு பாய்ந்து வந்து சட்டையைப் பிடிப்பான் என்று சங்கரபாண்டியன் காத்திருந்தார். முகத்தில் காறித் துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது.

எழுந்தது மீனாட்சியம்மாள்தான். "ஐயா, பூட்டு தொங்குனத எங்கண்ணால..."

அவளை முடிக்க விடாமல் சுடலைக்கண்ணு கையைப் பிடித்து உட்கார வைத்தான். செத்துப்போன பெண்டாட்டியின் மேல் வந்த கோபத்தில் அவன் முகம் கறுத்திருந்தது.

"சும்மா இரிங்க மதினி. அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாவ."